எதிர்வீட்டு கேட்டில் தொங்கிய காலை

ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் இரும்பைச் சோதிப்பதுதான் என் வேலை. ஒரு துண்டை எந்திரத்தில் மாட்டி, அறுந்துபோகும் வரை இழுத்துப் பார்ப்போம். அப்படிப்பட்டவன் பருத்திப்பட்டில் சொந்த வீடு கட்டினால் சும்மா விடுவானா? சட்டைப் பையில் காந்தத்தோடு நாலு கடை ஏறி இறங்கி, காந்தம் ஒட்டாத முதல்தர எவர்சில்வர் குழாயாகப் பார்த்து கேட்டுக்கு வாங்கினேன். வெல்டிங் வைக்க யார் சீக்கிரம் வருவாரோ அவரைக் கூப்பிட்டேன். "பொருள்தான் முக்கியம். யார் வெல்டிங் வெச்சா என்ன?" என்று மனைவியிடம் சொன்ன வாய் இது.

எதிர்வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். காயலான் கடையில் பழைய இரும்பை வாங்கிவந்து, வெல்டர் பக்கத்திலேயே இரண்டு நாள் உட்கார்ந்து கேட் செய்துகொண்டார். மூன்று கீல், மூலைக்கு மூலை ஒரு குறுக்குக் கம்பி, மேலே இரண்டு பூச்சு பெயிண்ட். நான் மாடியில் நின்று சிரித்தேன்.

இரண்டு மழைக்காலம் போனது. என் குழாய் இன்றும் பளபளவென்றுதான் இருக்கிறது. ஆனால் அதைத் தூணோடு பிடித்திருந்த இரண்டு கீலும் மட்டரக இரும்பு. அவை துருவேறி இளக, கேட் சரிந்து தரையில் உரசிப் பாதியில் நின்றுவிடும். ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியாமல் மனைவி, "தம்பி!" என்று குரல் கொடுப்பாள். எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து தோள் கொடுத்துத் தூக்குவார். "என்ன கெட்டிக்காரர் பாருங்க" என்பாள். இருபது வருஷமாக எங்கள் வீட்டில் அந்தப் பேர் எனக்கு மட்டும்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பொறுக்க முடியவில்லை. தெருவில் ஆளில்லை. எதிர்வீட்டு கேட்டின் கீழ்க்கம்பியில் இரண்டு காலையும் வைத்து ஏறித் தொங்கினேன். எண்பத்தைந்து கிலோ! ஒரு முனகலாவது வரட்டும், அரை அங்குலமாவது இறங்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். அந்தப் பாழாய்ப்போன கேட், சத்தமே இல்லாமல் என்னையும் சுமந்துகொண்டு தெருப்பக்கம் திறந்தது. உள்ளே அவர் பல் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னா சார் பண்ணிகினு கீறீங்க?"

"கீல்... எந்தக் கடையில வாங்கினீங்கன்னு பார்த்தேன்."

"அட, உங்க ஊட்டு கேட்டு மறுபடியும் மாட்டிக்கிச்சா? இரு சார், வந்துட்டேன்."

வாய் கொப்பளித்துவிட்டு வந்து, எங்கள் கேட்டைத் தோளால் தூக்கி நிறுத்தினார்.

சத்தம் கேட்டு மனைவி காபியோடு வெளியே வந்தாள். "ஞாயித்துக்கிழமையும் உங்களுக்குத் தொல்லை, தம்பி. இந்தாங்க, குடிச்சிட்டுப் போங்க" என்று அவரிடம் நீட்டினாள்.

அது என் டம்ளர்.