எச்.டி. பாக்ஸுக்குப் பொட்டு வைத்தார் பெரியப்பா

எங்கள் வீட்டில் இன்று எச்.டி. பாக்ஸை மாட்டிவிட்டு ஆள் கிளம்பியதும், இதற்காகவே விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வந்திருந்த பெரியப்பா கற்பூரம் காட்டி, பாக்ஸின் முகத்தில் அகலமாகச் சந்தனமும் குங்குமமும் அப்பினார்.

அதோடு ரிமோட் வேலை செய்வது நின்றுபோயிற்று.

பேட்டரியை மாற்றினார். பாக்ஸின் தலையில் ஓங்கித் தட்டினார். கடைசியில் என்னைக் கண்டுபிடித்தார்.

"இவதான்டா காலையிலேர்ந்து அந்த புக்கை வச்சிக்கினு நோண்டிக்கினு இருந்தா. இன்னாத்த அமுக்கினாளோ!"

"இனிமே நீ டிவி பக்கமே வரக் கூடாது" என்றார் அப்பா.

பாக்ஸில் புதிதாக வரும் விலங்குகள் சேனலுக்காக நான் காத்திருந்ததெல்லாம் போயிற்று. நான் செய்த குற்றம், பாக்ஸோடு வந்த புத்தகத்தைப் படித்தது. இந்த வீட்டில் வேறு யாரும் செய்யத் துணியாத காரியம்.

"பெரியப்பா, ரிமோட் சிக்னலை வாங்கற எடத்துலதான் பொட்டு வச்சிருக்கீங்க."

"சாமி காரியத்துல குத்தம் கண்டுபிடிக்காதடி, பெரிய மேதாவி!"

நானே போய்த் துப்பட்டாவால் துடைத்தேன். அப்பா ரிமோட்டை அமுக்கினார். சேனல் மாறியது.

"பாத்தியாடா, நான் தட்டுன தட்டு இப்பதான் வேலை செய்யுது!" என்றார் பெரியப்பா. அப்பா பக்தியோடு தலையாட்டினார். என் மீதான தடையை யாரும் நீக்கவில்லை.

இப்போது கிரிக்கெட் ஓடுகிறது. "புல்லுகூட தனித்தனியா தெரியுதுப்பா, எச்.டி.ன்னா எச்.டி.தான்" என்று ஒரே பாராட்டு.

எங்களுடையது பின்னால் தொப்பை வைத்த பழைய டிவி. அதில் எச்.டி. தெரியவே தெரியாது, நேற்று வந்த அதே படம்தான் இன்றும் வருகிறது.

டிவி பக்கம் போகக் கூடாது என்பது உத்தரவு. அதனால் நான் வாய் திறக்கவில்லை. உங்களில் யாராவது வந்து சொல்கிறீர்களா?