தனுஷ்கோடிச் சுவரில் ஒரு சிவப்புக் குறி

ஜெசிந்தா அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி நம் கம்பெனி வாட்ஸப் குழுவில்தான் எனக்கு வந்தது. கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். நடுவில் ஒருவன் மாம்பழத் தள்ளுபடி விளம்பரம் போட்டிருந்தான்.

மறுநாள் கேன்டீனில் நடந்த இரங்கல் கூட்டம் அதைவிடக் கேவலம். "சர்ச் சுவருக்கே ரிஜெக்ட் போட்டவங்க நம்ம ஜெசிந்தா" என்று ஒருவர் பேச, எல்லோரும் சிரித்தீர்கள். முன்வரிசையில் அவருடைய மகள் தலை குனிந்துகொண்டாள். அந்தக் கதை பொய். அதைத் திருத்தத்தான் கம்பெனியில் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன்.

ஓசூரில் எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் தேறாத உதிரிபாகத்தில் சிவப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போடுவோம். யாராவது அவசரப்பட்டால், "அளந்து பாருப்பா, அப்புறம் வேணாம்னு சொல்லு" என்பார் அக்கா.

இரண்டு வருடத்துக்கு முன் பிரிவோடு வேன் பிடித்து ராமேஸ்வரம் தீவுக்குப் போனோம். பாம்பன் பாலத்தில் நாங்கள் செல்ஃபிக்கு முட்டிமோதினோம். தனுஷ்கோடியில் அக்கா மட்டும் சங்கு விற்கிற ஒரு பெண்ணிடம் ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருந்தார். "இது பொண்ணு கடலு, சும்மா கெடக்கும். அது ஆம்பளக் கடலு" என்று அந்தப் பெண் இரண்டு பக்கமும் கை காட்டினார். புயல் ரயிலடியையும் சனங்களையும் கொண்டுபோனதைச் சொன்னார்.

அந்த நேரத்தில் நாங்கள் என்ன செய்தோம்? இடிந்த சர்ச்சுக்குள் பிரியாணிப் பொட்டலங்களை வீசினோம். ஒருவன் சுவரோரம் ஒன்றுக்குப் போனான். நான் சட்டைப் பையிலிருந்த மார்க்கரை எடுத்து, பவளக்கல் சுவரில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டு 'ரிஜெக்ட்' என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் கைதட்டினார்கள்; பிற்பாடு அவர்களும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சங்குக்காரப் பெண் ஓடிவந்தார். "யாரு பாத்த வேல இது? எங்கம்மா தாலி ஏறுன கோயிலு."

நான் குனிந்து மார்க்கரைச் சட்டைப் பைக்குள் திணித்தேன்.

"நான்தாங்க. தெரியாம பண்ணிட்டேன்" என்றார் அக்கா.

"கழுத்துல சிலுவையப் போட்டுக்கிட்டா?" என்று அந்தப் பெண் காறித் துப்பினார். அக்கா பைக்குள்ளிருந்த சானிடைசரை ஊற்றிப் புடவைத் தலைப்பால் தேய்த்தார். கல் சாயத்தை உறிஞ்சிக்கொண்டது. நாங்கள் வேனில் உட்கார்ந்து, லேட்டாகிறது என்று ஹாரன் அடிக்கச் சொன்னோம். நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

திரும்பும் வழியில் மதுரைப் பக்கம் டீக்கு நிறுத்தினபோது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அந்தம்மாவுக்குத் திட்டறதுக்கு ஒரு மூஞ்சி வேணும். நீ தலையவே தூக்கல. ஓசூர் போனதும் எல்லார்கிட்டயும் நீயே சொல்லிடு."

தலையாட்டினேன். சொல்லவில்லை. கேன்டீனில் அவரை நீங்கள் கேலி செய்த ஒவ்வொரு முறையும் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுச் சாப்பிடுவார். நான் குழம்பு கேட்டு எழுந்து போவேன்.

நேற்று அவர் வீட்டுக்குப் போய் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கிட்டயும் நான்தான் பண்ணேன்னு சொன்னாங்க. அதுக்காக அம்மாவோட ஒரு மாசம் நான் பேசல" என்றாள். பிறகு, "நீங்க போங்க" என்றாள்.

அக்காவின் பொறுமை, சிரிப்பு என்று நீங்கள் எதை வேண்டுமானாலும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு மாதம்.