ஹெட்ஃபோன்ல கசிஞ்ச கிதார்

"பாட்டுல என் டிரம்ஸ் கேக்கவே மாட்டேங்குது."

எங்க வீட்டுக்காரரோட தெனப் புலம்பல் இது. காலையில மிசோ சூப்பை வாயில வைக்குறதுக்குள்ள ஆரம்பிச்சுடுவாரு. எங்க ஒசாகா அபார்ட்மெண்ட்ல பக்கத்து வீட்டுல தும்மினா இங்க கேக்கும். அதனால இவரு வீட்டுல பழகுறது மடிச்சு வெச்ச மெத்தை மேலதான். கிழிஞ்ச மெத்தையெல்லாம் தெச்சவ நான்.

இவரு பேரு ஹமாவோக்கா குனிஹிகோ. மத்தவங்க ராக் ஆல்பத்துக்கெல்லாம் வாசிச்சுக் கொடுப்பாரு. எதுலயும் பாடுறவன் குரல்தான் முன்னாடி நிக்கும். அந்தக் கடுப்புல தனியா நாலு ஆல்பம் போட்டாரு, முழுக்க டிரம்ஸ். நல்லாத்தான் கேக்குது, வாங்கத்தான் ஆளில்ல. மிச்சம் பெட்டி பெட்டியா குளியலறை வாசல்ல கிடக்கு, நான் அது மேல துண்டு வைக்குறேன். உருப்படியா வந்தது, கிதார் வாசிக்கிற முத்சுவோவோட சேர்ந்து போட்ட ரெண்டுதான். அவன் வீட்டுக்கு வந்தா சோத்துப் பானையைக் காலி பண்ணிட்டு, "அண்ணி, உங்காளுக்கு மெத்தைதான் சரி. அதுதான் திருப்பித் திட்டாது"ம்பான்.

ரெண்டு பேரும் சேர்ந்து போடுற மூணாவது ஆல்பத்துக்கு டிரம்ஸை முதல்ல பதிவு பண்ணாங்க. முத்சுவோ பக்கத்து ரூம்ல சும்மா வழிகாட்ட வாசிப்பான், இவரு அதை ஹெட்ஃபோன்ல கேட்டு அடிப்பாரு. அப்புறம் அந்தக் கிதார்ப் பதிவை எடுத்துட்டு, நிதானமா வேற வாசிச்சுச் சேர்ப்பாங்க. வழக்கம் அதுதான். இவருக்கு அதுக்குள்ள பொறுக்கல. பதிவு பண்ற பொண்ணு நிஷிவாகிகிட்ட, "அந்தக் கிதார்க் குப்பையை இப்பவே அழிச்சுடு. டிரம்ஸ் மட்டும் சுத்தமா கேக்கட்டும்"னாரு. அவளும் அழிச்சுட்டா.

அடுத்த வாரம் முத்சுவோ மாரடைப்புல போயிட்டான்.

இவரு அழல. எரிச்ச எடத்துக்குப் போயி எலும்பு பொறுக்கினாரு, வந்து டிவி பாத்தாரு. புலம்பலும் நின்னுபோச்சு. மெத்தைப் பக்கமே போகல. நான் சோறு வெச்சேன், தின்னாரு.

நாப்பத்தொம்பதாம் நாள் காரியம் முடிஞ்சதும் நிஷிவாகி போன் பண்ணா.

"அண்ணே, வேற கிதார்காரரை வெச்சு முடிக்கலாமா, இல்ல ஆல்பத்தையே விட்டுடலாமா? நேர்ல வந்து ஒரு தடவை கேளுங்க."

ரெண்டு பேருமா போய்க் கேட்டோம். அடிக்கும் அடிக்கும் நடுவுல எறும்பு ஊர்ற மாதிரி ஒரு சத்தம். இவருக்குக் காது மந்தம். ஹெட்ஃபோனை அவ்வளவு சத்தமா வெச்சதுல, முத்சுவோ கிதார் வெளிய கசிஞ்சு டிரம்ஸ் மைக்ல விழுந்திருக்கு.

"டிரம்ஸ் சத்தத்தை இறக்கு"ன்னாரு இவரு.

"இறக்கினா அவரும் கூடவே இறங்கிடுவாரு அண்ணே. ரெண்டும் ஒரே மைக்."

"செவிடா இருந்ததுக்கு இதாவது மிஞ்சுச்சே"ன்னேன் நான். யாரும் சிரிக்கல.

இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாரு. அப்புறம், "வேற ஆளு வேணாம். இப்படியே விடு"ன்னாரு.

ஆல்பம் அப்படியே வந்துடுச்சு. இப்ப மாசத்துல முதல் ஞாயிறு மதியம், தென்மா ஸ்டேஷன் பின்னால, டகோயாகின்னு ஆக்டோபஸ் உருண்டை சுடுற கடையை ஒட்டின படியில இறங்கினா ஒரு சின்ன ஹால், அங்க தனியா வாசிக்கிறாரு. கிதாருக்கு உண்டான இடத்துல கையை நிறுத்திட்டு சும்மா இருப்பாரு. முகத்துல ஒண்ணும் தெரியாது. எனக்கும் என்னன்னு சொல்லத் தெரியல. போன தடவை வந்ததே ஆறு பேர், அதுல நானும் ஒருத்தி. நீங்க போய்ப் பாருங்க. நடுவுல நிறுத்துறாரேன்னு கை தட்டிடாதீங்க.