பயிற்சிக்குச் செக் மொழியில் ஐந்து சொற்கள்

எங்களைப் பிள்ளைகள் பங்கு போட்டிருந்தார்கள். நான் பேர்லேண்டில் மகன் வீட்டில், என் மனைவி விமானத்தில் நாலு மணி நேரம் தள்ளிப் பிளசன்டனில் மகள் வீட்டில். தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்கா போன பெற்றோர் பலருக்கும் இதுதான் ஏற்பாடு. மகளுக்குப் பிரசவம், அதனால் அம்மா அங்கே. மகனுடைய மூன்று வயதுப் பையன் டேகேருக்குப் போனால் காதுவலியோடு திரும்புகிறான், அதனால் அப்பா இங்கே. முப்பத்தெட்டு ஆண்டு மணவாழ்க்கையில் மனைவியின் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே நாங்கள் பிரிந்திருந்தோம்.

ஜூனில் நான் ஊர் திரும்பியாக வேண்டும். ஓய்வூதியக்காரன் ஆண்டுக்கொரு முறை கருவூலத்தில் நேரில் நின்று தான் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். மனைவிக்கோ மேலும் ஆறு மாதம் தங்க அனுமதி கிடைத்துவிட்டது. அந்த விண்ணப்பத்தை எழுதியவன் நானே. ஒரு பிழை இல்லாத விண்ணப்பம். ஆகவே ஜூனுக்கு முன்னால் பிளசன்டன் போனால் அவளைப் பார்க்கலாம், இல்லையென்றால் அடுத்த பொங்கலுக்குத்தான். போவதென்றால் பையனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

எதிர்வீட்டில் ஒரு செக் அம்மாள் இருந்தார். தன் நாட்டில் முப்பது ஆண்டுகள் மழலையர் பள்ளி நடத்தியவர். மகளோடு இருக்க வந்தவர், வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள லைசென்ஸ் கேட்டிருந்தார். அதற்கு ஒரு வகுப்பு, ஓர் எழுத்துத் தேர்வு, பிறகு ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார். அம்மாளின் ஆங்கிலம் கடைக்குப் போய் வரத்தான் போதும்.

"அந்த ஆண்ட்டி பாஸ் பண்ணிட்டா இவன அங்க ட்ராப் பண்ணிடலாம்ப்பா," என்றான் மகன். "நீங்க அம்மாகிட்ட போலாம். நீங்கதான் ட்ரெயினிங் எக்ஸ்பர்ட்டாச்சே."

முப்பத்தோர் ஆண்டுகள் அரசு ஊழியர் பயிற்சி நிலையத்தில் இருந்தவனை அவன் கேலி செய்கிறான் என்று தெரிந்தும் ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் முதல் அவர் வீட்டுச் சமையலறை மேசையில் வகுப்பு. மேசைக்கடியில் பேரன் மரக்கட்டைகளை அடுக்குவான். அம்மாள் என்னை "பனே ப்ரொஃபெசொரே" என்று அழைத்தார். பேராசிரியர் ஐயா என்று பொருளாம். நான் துணை முதல்வராக ஓய்வு பெற்றவன். அரசு தராத பதவி உயர்வை மறுக்க மனம் வரவில்லை.

வகுப்புப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வந்த சொற்களை ஒரு தாளில் எழுதினேன். எதிரே அவர் தன் மொழியில் எழுதி, எனக்கு உச்சரித்தும் காட்டினார். பிராக்டிஸ், ட்ஸ்விச்செனீ. டிரெயினிங், ஷ்கோலெனீ. டிரில், நாட்ஸ்விக். டெஸ்ட், ஸ்கௌஷ்கா. டிரெயினிங்குக்கு எதிரே முதலில் வீட்ஸ்விக் என்று எழுதி அடித்துவிட்டார். அது நாய்களுக்கும் சிப்பாய்களுக்குமாம். எங்கள் நிலையத்தில் கொடுத்தது எது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

ஐந்தாவது, எக்ஸ்பீரியன்ஸ். ப்ராக்செ என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்தார். "என்னிடம் முப்பது வருடம் இருக்கிறது. எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும்?" என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார். லைசென்ஸ் படிவத்தை இரண்டு முறை புரட்டினேன். கட்டம் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் தயார் செய்தேன். தீயணைப்பு ஒத்திகை என்பது யாது? அதன் நோக்கங்கள் நான்கு எவை? நிமிர்ந்து நின்று பதில் சொல்ல வைத்தேன். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"ஏனுங்க, நீங்க சொல்லிக் குடுத்தா பாஸ் பண்ணுனாங்க?"

"ஏன், பண்ணக் கூடாதா?"

"ஆபீசர் வந்து பாக்கறது பாக்கி இருக்குதில்லீங்க? அதையும் உங்ககிட்டயே கேட்டா வெளங்குனாப்லதான்." பின்னால் குழந்தை அழுதது. "சரி, வெச்சறட்டுங்களா," என்றாள். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. குழந்தை அழுவதை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதிகாரி வந்தார். ஒத்திகைக்காக என் பேரனோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரும் இருந்தார்கள். "தீப்பிடித்தால் இவர்களை எப்படி வெளியே கொண்டுபோவீர்கள்? காட்டுங்கள்," என்றார் அதிகாரி. செக் அம்மாள் நிமிர்ந்து நின்றார். தீயணைப்பு ஒத்திகை என்பது யாது என்பதில் தொடங்கி, நான்கு நோக்கங்களையும் வரிசையாக ஒப்பித்தார். பிள்ளைகள் மூவரும் வாய் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடு எரிந்திருந்தால் இலக்கணத்தோடு எரிந்திருக்கும். அதிகாரி எதையோ குறித்துக்கொண்டு, மூன்று வாரம் கழித்து வருவதாகச் சொல்லிப் போனார்.

நான் ஊர் திரும்ப மீதியிருந்தது ஐந்து வாரம்.

"தப்பு என்னுடையது," என்றேன். அவர் மறுக்கவில்லை. மரியாதையான பெண்மணிதான், ஆனால் பொய் சொல்லமாட்டார்.

"உங்கள் பள்ளியில் எப்படிச் செய்வீர்கள்?" என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். கராஜுக்குப் போய் ஒரு நீளக் கயிற்றை எடுத்துவந்தார். முழத்துக்கொரு முடிச்சு போட்டார். ஏதோ ஒரு பாட்டை முனகியபடி நடந்தார். பேரன் மேசைக்கடியிலிருந்து தானாக வந்து ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனான். நான் கூப்பிட்டால் "வாட்?" என்று மட்டும் கேட்கிற பையன். நான் அந்தச் சொற்கள் எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

இரண்டாம் முறை அதிகாரி வந்தபோது அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. கயிற்றை எடுத்தார், பாடினார், மூன்று பிள்ளைகளும் ஒரு நிமிடத்துக்குள் புல்வெளியில் நின்றார்கள். லைசென்ஸ் வந்தது.

உடனே கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். பையன் பழக வேண்டும், முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு என்று அம்மாள் சொல்லிவிட்டார். அந்த நாட்களில் காலி வீட்டு ஜன்னலில் நின்று எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் இரண்டு நாளில் பழகிவிட்டான். எனக்கு ஐந்து நாள் பிடித்தது. கழித்துப் பார்த்தால் பிளசன்டனுக்கு மிஞ்சியது ஒன்பது நாள்.

மருமகன் விமான நிலையத்திலிருந்து அழைத்துப்போனார். கதவைத் திறந்தவள் மனைவி, தோளில் குழந்தை. நாலரை மாதத்துக்குப் பிறகு என்ன சொல்வாள் என்று விமானத்தில் விதவிதமாக நினைத்துப் பார்த்திருந்தேன்.

"கை கழுவீட்டு வாங்க," என்றாள்.

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். திரும்பி வந்தபோது குழந்தை மகளின் மடியில் இருந்தது. மனைவி கைகளை வெறுமையாக வைத்துக்கொண்டு குளியலறை வாசலிலேயே நின்றிருந்தாள்.