இண்டிகேட்டரை நானே மாட்டினேன்

என் பைக்கின் பின் இண்டிகேட்டர்களைக் கழற்றி, நம்பர் பிளேட்டின் இரு பக்கமும் நானே மாற்றிப் பொருத்தினேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜுக்குப் போனவள் நான். மெக்கானிக் எதற்கு என்ற திமிர்.

மறுநாள் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு அருகே வலது பக்கம் திரும்பினேன். பின்னால் வந்த மொபெட்காரர் என் மேல் மோதி விழுந்தார். அவர் முழங்கையில் ரத்தம்.

"கண்ணு தெரியலையா? ரைட் இண்டிகேட்டர் போட்டுக்கினுதானே வந்தேன்! சாரி கேளுய்யா!"

"லெஃப்ட் லைட்டுதாம்மா எரிஞ்சுது. அதான் ரைட்ல ஏறுனேன்."

"படிக்காத ஆளுங்ககிட்ட பேசுனா இப்படித்தான்!"

"நீ படிச்சவதானே? ஸ்விட்சைப் போட்டுட்டு பின்னாடி வந்து பாரு."

கூடிவிட்ட கூட்டத்தின் நடுவே ரைட் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தேன். இடது விளக்குதான் சிமிட்டியது. முந்தின நாள் நம்பர் பிளேட்டைக் கழற்றிக் கவிழ்த்து வைத்து ஒயர் கொடுத்ததில் இடது வலது மாறிவிட்டது.

"மெக்கானிக் மாத்தி மாட்டிட்டான்" என்று பொய் சொன்னேன். அவர் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போனார்.

என் அப்பாவும் கைநாட்டுதான். அன்று நான் யாரையெல்லாம் திட்டினேன் என்பது வீட்டுக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது.