மூன்றாம் ஓலைக்கு ஒரு தடை

பேய்க்கதையில் பேய் எப்போதும் தாமதமாகத்தான் வரும். அதற்கு முன்னால் ஒரு நாய் மாடிப்படி ஏற மறுக்கும். சாவிக்கொத்தில் ஒரு சாவி குறையும். காவல்காரன் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொள்வான். பயமுறுத்துவது அந்தக் காத்திருப்புதான். எலெக்ட்ரானிக் சிட்டியில் மகன் வீட்டுப் பதினோராம் மாடியில் உட்கார்ந்து இப்போதும் இந்தக் கதைகளை, வரும் அறிகுறிகளை விரல் மடக்கி எண்ணிக்கொண்டே படிக்கிறேன். எண்ணிக்கை சரியாக வருகிறது, பயம்தான் வருவதில்லை. அதற்கு அக்காவின் குரல் வேண்டும். அவள் போய் நான்கு வருடமாகிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது, அவளுக்குப் பத்தொன்பது. ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் மாலை ஜெபமாலை முடிந்ததும், அப்பாவின் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து ஒரு பேய்க்கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். பூட்டிய மாடி அறை உள்ள வீட்டுக்கு ஒருவன் குடிவருகிறான்.

"எண்ணிக்கோடா," என்பாள். "கதையில சும்மா எதுவும் வராது. நாய் வந்துச்சுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்."

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குக் கரக்பூரில் ரயில்வே வேலை. அதிலிருந்து கதையின் போக்கே மாறிப்போயிற்று. ஒரு நாற்காலி தானாக ஈரமானது. கடிகாரம் நின்றது. ஜன்னல் கண்ணாடியில் யாரோ விரலால் கோடு கிழித்துவிட்டுப் போனார்கள். என் இரண்டு கை விரல்களும் தீர்ந்துபோயின. குடிவந்தவன் மாடிக் கதவைத் தொடவேயில்லை.

அப்பா ஒருநாள் செய்தித்தாளைத் தாழ்த்தி, "இன்னுமா அந்தக் கதை? ஒரு காபி ஆறுறதுக்குள்ள நான் படிச்சு முடிச்சேனே," என்றார்.

"உங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம்பா," என்றாள் அக்கா.

அப்பா செய்தித்தாளை மறுபடி உயர்த்திக்கொண்டார்.

கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். எங்கள் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் மணமக்கள் பெயரை அறிவிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று முடிப்பார். முதல் ஓலை ஆயிற்று, இரண்டாவதும் ஆயிற்று. கதை நகரவில்லை. கதவு திறப்பதற்குள் அக்கா ரயிலேறிவிடுவாள் என்ற கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே சாமியாரிடம் போனேன்.

"சாமி, அக்கா கல்யாணத்துக்குத் தடை இருக்கு."

அவர் முகம் மாறியது. "என்ன தடை? பயப்படாம சொல்லு."

"கதை முடியல சாமி. பதினாலு விஷயம் பாக்கி இருக்கு."

சாமியார் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பா கோயில் உபதேசியாரிடம் சொன்னார். நாங்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. "தடைக்காரர் வர்றார், இலையைப் போடு," என்று அம்மாவும் தன் பங்குக்குக் கேலி செய்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போனாள்.

"சாமி என்னடா சொன்னார்?"

"சிரிச்சார்."

"அப்புறம்?"

"அப்புறமும் சிரிச்சார்."

"என்னைக் கூப்பிட்டு விசாரிக்கணும்னு ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லியே."

"அப்பா?"

"அவரும்தான் சிரிச்சார்."

கொஞ்ச நேரம் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு அங்கேயே, புத்தகம்கூடக் கையில் இல்லாமல், கதையை முடித்தாள். கதவு திறந்தது, உள்ளே பேய் இருந்தது, அவன் செத்தான். அவ்வளவுதான்.

"நாற்காலி? கடிகாரம்?"

"அதெல்லாம் சும்மா வந்ததுடா."

எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் கதை முடிந்துவிட்டதே. நான் கடமைப்பட்டவன் அல்லவா? தடை நீங்கிவிட்டது என்று சாமியாரிடம் சொல்ல, அந்த வெயிலில், செருப்புகூடப் போடாமல் கோயிலுக்கு ஓடினேன். அக்கா என்னைத் தடுக்கவில்லை.