உப்புப் போட்ட உருண்டை

போன கிழமை எங்கள் அலுவலகத்தில் ஒருவன் ஜப்பானுக்குப் போய்வந்து, ஒரு பெட்டியைத் திறந்து மேசை மேசையாக நீட்டிக்கொண்டு வந்தான். உள்ளே வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். எடுத்ததும் விரலில் மா ஒட்டியது. "டைபுக்கு" என்று அந்த இனிப்பின் பெயரைச் சொன்னேன். உனக்கெப்படித் தெரியும் என்று வாயைப் பிளந்தான். எனக்குத் தெரியாததும் உண்டா என்பதுபோல ஒரு சிரிப்புச் சிரித்தேன். பெருமை எனக்குக் கூடப்பிறந்தது. உருண்டையை வாயில் மட்டும் வைக்கவில்லை.

அந்த மா லண்டனில் எங்கள் நோர்பரி வீட்டுக் குசினியில் எங்கும் படிந்திருக்கும். எண்பதுகளின் கடைசி. கீழ் அறையில் நானும் அம்மாவும். மேல் அறையில் கெய்கோ என்ற ஜப்பான் பெண், உடுப்புத் தையல் படிக்க வந்தவள். குசினி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சின்னச் சிவப்புப் பயறை அவித்து, சீனி போட்டு, வற்றக் கிண்டி உருட்டுவாள். அரிசிமாவைக் கரைத்து அவித்து, சூடு ஆற முன்னர் இழுத்து, அந்த உருண்டையைச் சுற்றி மூடுவாள். முதல் நாளே அம்மா, "இஞ்ச பார் பிள்ளை, இவளும் மோதகமெல்லே செய்யிறாள்!" என்றார்.

நான் சும்மா இருப்பேனா? குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவள், அரிசிமா பற்றி எனக்கே பாடமா? ஒருநாள் கெய்கோவின் மா முடிந்தபோது, அதற்காகச் சோஹோ ஜப்பான் கடைவரை போவானேன் என்று, புட்டுக்கு வைத்திருந்த வறுத்த மாவை எடுத்துக் கொடுத்தேன். அவளுடையது ஒட்டும் அரிசியின் மா; இது இழுபடவே இல்லை. வெடிப்புகளால் பயறு எட்டிப் பார்த்தது. "படிச்ச பிள்ளையின்ர மோதகம்!" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அப்படிச் சிரித்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

சிரித்தாரே தவிர, தின்னவில்லை. அம்மா பிள்ளையாருக்கு ஒரு நேர்த்திக்கடன் வைத்திருந்தார். என்னைப் படிப்பிப்பதற்காகச் சின்ன வயதிலேயே கடையில் வேலைக்கு நின்ற அண்ணா, எங்களை முதலில் அனுப்பிவிட்டு, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பிக் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் காத்திருந்தார். அவர் லண்டனுக்கு வந்து சேர்ந்ததும் பிள்ளையாருக்கு மோதகம் படைக்க வேண்டும். அதுவரை அம்மாவின் நாக்கில் இனிப்புப் படக்கூடாது. தேத்தண்ணியும் சீனி இல்லாமல்தான்.

கெய்கோ நீட்டும்போதெல்லாம் அம்மா இரண்டு கையாலும் வாங்கி ஓரமாக வைத்துவிடுவார். அவள் முகம் வாடும். ஒருநாள் காரணத்தைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு தட்டின் கரையில் தனியாக ஒன்று இருந்தது. சீனியே இல்லை, பயற்றில் உப்பு மட்டும். அம்மா நுனியைக் கடித்து யோசித்தார். "ஓம், இனிப்பில்லை. பிள்ளையார் கோவிக்கமாட்டார்." முழுவதையும் தின்றார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படி ஒன்று. "மோன் வரட்டும், உனக்கு நான் சக்கரை போட்டு மோதகம் அவிச்சுத் தாறன்" என்று அம்மா தமிழில் சொல்ல, அவள் எல்லாம் விளங்கியவள்போலத் தலையாட்டுவாள்.

தொலைபேசி வந்ததும் ஒரு ஞாயிறுதான். லொட்ஜில் அண்ணாவோடு இருந்தவர் பேசினார். "தங்கச்சி, அவனை ஆமி செக்கிங்கில பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். எங்கயெண்டு தெரியேல்லை."

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலெல்லாம் எழுதினேன். தூதரகம், மனித உரிமை அலுவலகம் என்று வாசல் வாசலாக ஏறினேன். அண்ணா தந்த படிப்பு அண்ணாவைத் தேட உதவவில்லை. உடலும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. செத்துவிட்டார் என்று ஒருவராவது சொல்லியிருந்தால் அம்மா அழுது முடித்திருப்பார், நேர்த்தியும் முடிந்திருக்கும். ஒருவரும் சொல்லவில்லை. அம்மா உப்பு உருண்டையைத் தின்றுகொண்டிருந்தார். கெய்கோ படிப்பு முடிந்து ஊருக்குப் போனபின் அதுவும் இல்லை.

போன வருடம் அம்மா போய்விட்டார். எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்க வேண்டுமே. "கொம்மாவுக்கு என்ன இனிப்பு விருப்பம்?" என்று சித்தி கேட்டார். மோதகம் என்று சொல்ல வாய் வரவில்லை. சோஹோவுக்குப் போய்ச் சரியான மாவையே வாங்கிவந்து, பயற்றில் உப்புப் போட்டு உருட்டிப் படைத்தேன். சித்தி ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு, "என்னடி, சீனி போட மறந்திட்டியோ?" என்றார்.

நோர்பரி வீட்டின் பின்பக்கத்தை இடித்துவிட்டார்கள். குசினி இருந்த இடத்தில் யாருடையவோ கார் நிற்கிறது. கெய்கோ எந்த ஊரில் இருக்கிறாள் என்றும் தெரியாது. அலுவலகத்தில் தந்த உருண்டை என் மேசையிலேயே இருந்து கல்லாக இறுகிவிட்டது. நல்ல சாமான், ஏன் தின்னவில்லை என்று கொண்டுவந்தவன் கேட்டான்.

அண்ணா இன்னும் வரவில்லை.